முதல் தடவையே கிடைத்த சம்மதம்

2014 ஜூன் 30. பணி ஓய்வு. பிரிவுத் தொகை 61,400 டாலர். சுவர்க் கடிகாரம் ஒன்று.
2014 அக்டோபர் 9. ஓக் மேடு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவர். சம்பளம் இல்லை.
2015 மே 18. இல்லத்துக்குப் புதிய சின்னம் வரைந்தவருக்கு 8,750 டாலர்.
2016 நவம்பர் 5. மீன் விருந்து. சாப்பாடு ஒன்றுக்கு 18 டாலர்.
2016 டிசம்பர் 31. புதிய கட்டடத்துக்கு முன்பணம்: 47 வீட்டார், 47,000 டாலர்.
2018 மார்ச் 15. வங்கி கொடுத்த கெடு. கடன் 1 கோடியே 40 லட்சம் டாலர்.

டெல்மர் ப்ரெக்கே வான்கோழி ஆலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தார். லாரியிலிருந்து கூண்டு இறக்கும் வேலையில் சேர்ந்து, உற்பத்திப் பிரிவின் துணைத் தலைவராக வெளியே வந்தார். ஒரு ஷிப்டுக்கு இருபத்திரண்டாயிரம் வான்கோழிகள் ஒரு வாசல் வழியாகக் கத்திக்கொண்டு உள்ளே போய், இன்னொரு வாசல் வழியாகப் பையில் உறைந்து வெளியே வரும். அந்த வரிசை நிற்காமல் பார்த்துக்கொண்டவர் என்று மினசோட்டாவின் அந்த மூலையில் அவருக்கு நல்ல பெயர். வான்கோழிகளிடமிருந்து இதுவரை புகார் வந்ததில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், மனைவி ஆர்டிஸ் வழக்கம்போல் ஏரியில் நீந்திவிட்டுக் கரையேறி வந்தபோது, சமையலறை முழுக்க இடம் மாறியிருந்தது. அடிக்கடி எடுக்கும் பாத்திரங்கள் இடுப்பு உயரத்தில். எப்போதாவது எடுப்பவை மேல் தட்டில். ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் ஒரு சீட்டு. காபி டப்பா இருந்த இடத்தில் மாவுச் சல்லடை இருந்தது.

"ஒரு நாளைக்கு நாப்பது அடி நடை உனக்கு மிச்சம்," என்றார் டெல்மர்.

ஆர்டிஸ் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றிலும் பார்த்தார். "ம்ம். இது வேற மாதிரி இருக்கு," என்றார்.

எல்வெஸ்டாட் ஊரில் 'வேற மாதிரி இருக்கு' என்றால் என்ன என்று பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். டெல்மரும் அதே ஊரில், ஊருக்கு மேற்கே இருந்த பால்பண்ணையில் பிறந்தவர்தான். ஆனால் அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தும் கொட்டகையை ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிட்டார். ஆர்டிஸ் அன்று பகலே தேவாலயத்துக்குப் போன் செய்தார்.

"பாஸ்டர், டெல்மருக்கு ஏதாவது பொறுப்பு இருந்தா குடுங்களேன். பெருசா இருந்தா நல்லது. வீட்டுக்கு வெளியில இருந்தா இன்னும் நல்லது."

பொறுப்பு இருந்தது. ஊரின் மூன்று லூத்தரன் சபைகளும் சேர்ந்து அறுபது ஆண்டுகளாக லாபநோக்கம் இல்லாமல் நடத்திவரும் ஓக் மேடு இல்லத்துக்குத் தலைவர் இல்லை. இருந்தவர் அரிசோனாவுக்கு வெயில் காயப் போனார். அப்படியே அங்கே தங்கிவிட்டார். நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர் டெல்மர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் காபி வேண்டுமா என்று கேட்டார். சிரமப்பட வேண்டாம் என்றார்கள். மறுபடி கேட்டார். போட்டது ஏதாவது மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது அரைக் கோப்பை போதும் என்று சொல்லி, ஆளுக்கு மூன்று கோப்பை குடித்தார்கள். பிறகு தலைவர் பதவியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். டெல்மர் தனக்குத் தகுதி இல்லை என்றார். மறுபடி கேட்டார்கள். தன்னைவிட நல்லவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றார். மூன்றாவது தடவை கேட்டார்கள். வேறு ஆளே கிடைக்காவிட்டால் யோசிக்கலாம் என்றார். அவர் மேல்சட்டைப் பையில் இல்லத்துக்கான ஐந்தாண்டுத் திட்டம் ஏற்கெனவே நான்காக மடித்துத் தயாராக இருந்தது.

குழுவில் இருந்த மற்றவர்களும் தங்கள் பழைய உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அல்ல, கையோடு கொண்டுவந்தவர்கள். பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர் கூட்டம் தொடங்க மணி அடித்தார். விதை வியாபாரியாக இருந்தவர் எல்லோருக்கும் மக்காச்சோளப் படம் போட்ட தொப்பி கொடுத்தார். டெல்மர் ஆலையையே கொண்டுவந்தார்.

முதலில் வந்தது பலகை. ஆலை வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும். அதே அளவில் ஒன்று செய்து இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்: 'யாரும் கீழே விழாத நாட்கள்'. நாற்பது நாள் ஆனால் எல்லோருக்கும் கேக். எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள் தினமும் ஹாட்டிஷ் என்ற இறைச்சி, உருளைக்கிழங்குக் கலவையைச் சாப்பிட்டபடி அந்த எண்ணை அண்ணாந்து பார்த்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் போர்கில்ட் ஹெல்லி குளியலறையில் விழுந்தார். வயது தொண்ணூற்றொன்று. தானே எழுந்து, கொதிக்கும் ஜூலை மாதத்தில் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்பதாம் நாள் கேக் வெட்டும்போதுதான், தட்டை வாங்க முடியாமல் கை தொங்கியதை நர்ஸ் பார்த்தார். மணிக்கட்டு முறிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய போர்கில்ட், மதியச் சாப்பாட்டில் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். "உங்க கேக்கையெல்லாம் நான் திருட்டுத்தனமாத் திங்க வெச்சுட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பலகையை அன்றே கழற்றி அடுப்பில் போட்டிருப்பார்கள். டெல்மர் எண்ணைப் பூஜ்யமாக்கினார். விழுந்தால் தெரிவிப்பதற்கென்று இரண்டு பக்கப் படிவம் ஒன்று அடித்துக் கொடுத்தார்.

அடுத்து அட்டைகள் வந்தன. எதைப் பற்றிக் கேட்டாலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். இல்லத்தின் மேலாளர் ஜானெல் விக், இருபத்துநான்கு ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு அங்கே வேலை பார்ப்பவர். அவர் எல்லாக் கூட்டத்திலும் பச்சையைத் தூக்கினார். அவரைப் பார்த்து ஊழியர்கள் பச்சையைத் தூக்கினார்கள். சிவப்பு அட்டைகளின் மேலிருந்த மெல்லிய தாள் உறை கடைசிவரை பிரிக்கப்படவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று டெல்மர் நினைத்தார்.

பிறகு வாழ்க்கைத் திட்டப் பட்டறை. ஆளுக்கு ஒரு தாள், அதில் ஒரு நீளக் கோடு, கோட்டின் முனையில் அம்புக்குறி. 'ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்று மேலே அச்சடித்திருந்தது.

"எனக்குத் தெரியும் எங்கன்னு," என்றார் தொண்ணூற்று மூன்று வயது க்ளிஃபர்ட் மோன். "இடம் வாங்கியாச்சு. சர்ச்சுக்குப் பின்னால, வேலியோரமா. ஆறடி ஆழம். பணமும் கட்டியாச்சு."

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"அதுக்கு முன்னால, க்ளிஃபர்ட்? ஏதாவது இலக்கு?"

"அதுக்கு முன்னால சாப்பாட்டு மணி அடிக்கணும்."

டெல்மர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

இவ்வளவும் சில்லறை வேலை. அவர் மனதில் இருந்தது கட்டடம். இன்னும் வீட்டிலேயே இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு முன்கூட்டியே வந்து குடியேற நாற்பத்தெட்டு வீடுகள், மூன்று மாடி, உள்ளேயே நீச்சல் குளம். பெயர் 'அடுத்த அத்தியாயம்'. பணம் கேட்டு வங்கிக்குப் போனார். வங்கி நாற்பத்தெட்டில் முப்பத்துநான்கு வீட்டுக்காவது ஆள் இருப்பதைக் காட்டச் சொன்னது. டெல்மர் அசரவில்லை. ஷிப்டுக்கு இருபத்திரண்டாயிரம் தலைகளை ஒரு வாசலுக்குள் அனுப்பியவருக்கு முப்பத்துநான்கு ஒரு எண்ணா?

நவம்பரில் தேவாலயத்தின் அடித்தளத்தில் வருடாந்தர லூட்டஃபிஸ்க் மீன் விருந்து. ஊரே அங்கே இருக்கும். மீனும் உருக்கிய வெண்ணெயும் லெஃப்ஸ ரொட்டியும் உள்ளே போய், எழுந்திருக்க முடியாமல் எல்லோரும் சாய்ந்திருந்த நேரம் பார்த்து, டெல்மர் திரையைத் தொங்கவிட்டுப் படம் காட்டினார். காட்டி முடித்துக் கேட்டார்:

"இதுல எத்தனை பேருக்கு விருப்பம்?"

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஓர்வில் ஸ்டென்ஸ்ருட் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் விற்று ஓய்ந்தவர், டெல்மரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர். டெல்மர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர்வில் கூரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியில் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். பிறகு கையைக் கீழே வைத்திருப்பது எழுந்து நின்று சண்டை போடுவதைப் போல ஆகிவிட்டது. அந்த ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கூடம் முழுக்கக் கைகள்.

"முதல் முன்பணம் எங்களோடது!" என்று டெல்மர் முழங்கினார். "என்னோடதும் ஆர்டிஸோடதும். என்ன ஆர்டிஸ், சரிதானே?"

ஆர்டிஸ் சமையல் பக்கத்து ஜன்னலில் எச்சில் தட்டுகளை வழித்துக்கொண்டிருந்தார். இருநூறு முகங்கள் அவர் பக்கம் திரும்பின.

"சரி. நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். டெல்மருக்குக் கண் கலங்கியது என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. மீன் வாடையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு ஓராண்டு அவர் தரையில் நடக்கவில்லை. சம்மதம் சொன்ன நாற்பத்தேழு வீட்டாரிடமும் ஆயிரம் டாலர் முன்பணம் வாங்கினார். விதிகளை அவரே எழுதினார். முன்பணம் கட்டியவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கடிதம் எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கணவன், மனைவி இருவரில் ஒருவர் விலகினாலும் அந்த வீடு விலகியதாகக் கணக்கு. நியாயமான விதிகள். மொத்தம் பதினாறு பக்கம். ஊர் முழுக்க ஆழ்ந்து படித்தது கடிதம் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும்தான்.

வீட்டில் தனக்கும் ஆர்டிஸுக்குமான வாழ்க்கைத் திட்டத்தை டெல்மர் வண்ணத்தாளில் அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். ஏரி வீட்டை 2018 கோடையில் விற்பது. முதல் தளம், முதல் எண் வீடு. கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த மாதிரி. ஆர்டிஸுக்கு வாரம் மூன்று நாள் 'நீர்ப் பயிற்சி'. ஆர்டிஸ் நாற்பது ஆண்டுகளாக, ஏரியில் பனிக்கட்டி உடைந்த மறுநாளிலிருந்து அக்டோபர் வரை, எதிர்க்கரை மிதவை வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வருபவர். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய காலத்தில்கூட ஈரத் தலையோடு பள்ளிக்குப் போவார். அந்தத் திட்டத்தாளை அவர் ஒருமுறை நின்று படித்தார். பிறகு அதன் மேல் பல் மருத்துவரின் நாட்காட்டியை மாட்டினார். நாட்காட்டியின் காந்தம் வலுவில்லாமல் நழுவிவிட்டது என்று நினைத்து, டெல்மர் அதைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

2018 ஜனவரியில் வங்கி கெடு சொன்னது: மார்ச் 15 வியாழன் மாலை பட்டியலில் முப்பத்துநான்கு வீட்டார் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடன் இல்லை, கட்டடமும் இல்லை. டெல்மர் நாற்பத்தேழு பேருக்கும் வாழ்த்து அனுப்பினார், வேளை வந்துவிட்டது என்று. வேளை வந்ததும் கடிதங்கள் வந்தன.

'மதிப்புக்குரிய தலைவருக்கு. கட்டடம் மிக அழகாக வரும் என்பதில் ஐயம் இல்லை. நாங்கள் போன வாரம் புதிதாகப் பனி அள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டோம். அதை வீணாக்க மனமில்லை.'

'உங்கள் உழைப்பை ஊர் மறக்காது. எங்கள் உறைபெட்டியில் அரை மாடு இருக்கிறது. அதைத் தின்று முடிக்கும்வரை இடம் மாறுவது சரியல்ல என்று படுகிறது.'

'எங்கள் நாய்க்கு மாடிப்படி பிடிக்காது.' அந்த வீட்டாருக்கு ஒதுக்கியிருந்தது தரைத்தளம்.

கடிதம் போட்டவர்களே தெருவில் எதிர்ப்பட்டால் டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எப்படி வருது கட்டடம்? அருமையா இருக்கும்ல!" என்றார்கள். அவர்கள் நடிக்கவில்லை. கட்டடம் நன்றாக வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்கள். அதில் வேறு யாராவது குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி கடைசியில் பன்னிரண்டு வீட்டார் கழன்றிருந்தார்கள். தானியக் கிடங்குக்குப் பக்கத்துக் கடையில், காபிக்கு யார் காசு கொடுப்பது என்று தோல் குவளையில் பகடை குலுக்கிக்கொண்டிருந்த ஓர்வில் முன்னால் போய் டெல்மர் உட்கார்ந்தார்.

"ஏண்டா, பனி அள்ளுற மெஷின் வாங்கினதுக்காக ஒருத்தன் வீடு மாறாம இருப்பானா?"

"நல்ல மெஷின்டா அது. நான் பாத்தேன்."

"நீ மட்டும் கடுதாசி போட்டுறாத. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஓர்வில் பகடையை உருட்டினார். இரண்டும் ஒன்றும் விழுந்தது. "நேத்தே போட்டுட்டேனே," என்றார்.

"அடப்பாவி! முதல்ல கை தூக்கினதே நீதானே?"

"நீ கண்ணை எடுக்காம என்னையே பாத்துக்கிட்டு நின்னே. வாய் நிறைய மீன். நான் என்ன பண்ண, முள்ளத் துப்பிட்டு ஓடவா?"

"வேண்டாம்னா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல!"

"உன் மூஞ்சிக்கு நேரயா?" ஓர்வில் உண்மையிலேயே திடுக்கிட்டார். "நான் என்ன நியூயார்க்காரனாடா? அதெல்லாம் இருக்கட்டும், நீ எத்தனை தடவை கேட்டே?"

"ஒரு தடவை. கேட்ட உடனே எல்லாருமே சரின்னுட்டீங்களே."

"அதத்தான்டா சொல்றேன். கேட்ட உடனே எவனாவது சரின்னா, பேச்ச முடி, வீட்டுக்குப் போகணும்னு அர்த்தம். நிஜமா வேணும்னா ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்ல மாட்டோமா? தலைவர் வேலைய நீ எப்படி வாங்கிக்கிட்டே? எடுத்த எடுப்புல ஆமான்னா சொன்னே?"

டெல்மர் பகடைகளைப் பொறுக்கிக் குவளையில் போட்டார்.

"முப்பத்துநாலு வருஷம் ஆலையில இருந்து உனக்கு நம்மூர்ப் பேச்சே மறந்துபோச்சு," என்றார் ஓர்வில். "இந்தா, காபி உன் கணக்கு."

பதின்மூன்று போனால் முப்பத்துநான்கு. காரில் வீட்டுக்குத் திரும்பும்போது டெல்மர் முதலில் அந்தக் கணக்கைத்தான் போட்டார். சரியாக இருந்தது, ஒன்றுகூட மிச்சம் இல்லாமல். ஏரிச் சாலைத் திருப்பத்தில்தான் வேறொன்று வந்து நெஞ்சில் இடித்தது. அன்றைக்கு விருந்தில், எச்சில் தட்டுகளுக்கு நடுவே நின்று, ஆர்டிஸ் எத்தனை தடவை மறுத்தார்? ஒரு தடவைகூட இல்லை.

வீட்டில் ஆர்டிஸ் ஜன்னலோரம் நின்று, உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் பிடிப்பவர்கள் பனிக்கட்டி மேல் போட்ட குடிசைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஆர்டிஸ். அந்தப் புது வீட்டுக்குப் போறதுல உனக்கு ஒண்ணும்..."

"நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே."

"இல்ல, மறுபடியும் ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்னு."

"கேட்டுட்டேல்ல," என்றார் ஆர்டிஸ். திரும்பவில்லை.

இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். எந்திரம் நின்றால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேள் என்று ஆலையில் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தியவர், சொந்த மனைவியிடம் மூன்றாவது கேள்வி கேட்கப் பயந்தார். கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் பையிலிருந்து கட்டடத்தின் வண்ணப் படத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"குளத்துத் தண்ணி வருஷம் முழுக்க வெதுவெதுன்னு இருக்கும். பாரு."

"சூடு நல்லாத்தான் இருக்கும். ஆழம் எவ்வளவு?"

"நாலடி."

"நாலடி," என்று ஆர்டிஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "முட்டி தரையில தேயாம நீந்தக் கத்துக்கணும்."

மார்ச் 12 திங்கட்கிழமை காலை உணவின்போது டெல்மர் முகத்தில் களை திரும்பியிருந்தது. இரண்டு வாரமாக ஒரு கடிதமும் இல்லை.

"முப்பத்துநாலு நிக்குது. சரியா முப்பத்துநாலு, நம்மளையும் சேத்து. இன்னும் மூணு நாள்தான். இனிமே ஒரே ஒருத்தர் கழண்டுக்கிட்டாலும் மொத்தமும் போச்சு."

"ஓ," என்றார் ஆர்டிஸ். "ஒரே ஒருத்தரா?"

"ஒரே ஒருத்தர்."

ஆர்டிஸ் எழுந்து, வேண்டுமா என்று கேட்காமலே அவர் கோப்பையில் காபி ஊற்றினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். அதிலும் டெல்மர் சீட்டு ஒட்டியிருந்தார்: 'பேனா, தபால்தலை'. அன்று முதல்முறையாக அந்தச் சீட்டு யாருக்கோ பயன்பட்டது.

இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல் ஒன்பதரைக்கு, டெல்மர் ஓக் மேடு அலுவலகத்துக்குப் போனார். ஜானெல் தபால்களை மேசையில் பிரித்து அடுக்கியிருந்தார். மின் கட்டணம், கையுறை வியாபாரி, கட்டில் விரிப்பு வியாபாரி. தனியாக ஒரு வெள்ளை உறை. மேலே 'தலைவர், நிர்வாகக் குழு, ஓக் மேடு' என்று எழுதியிருந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய, உருண்டு திரண்ட எழுத்து. ஊரில் பாதிப்பேர் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுதக் கற்றவர்கள். உறையைக் கிழித்தது ஜானெல்தான். படித்தும் விட்டிருந்தார். அவர் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையுறைக் கட்டணச் சீட்டின் மேல் நின்றது.

டெல்மர் நின்றபடியே படித்தார்.

'மதிப்புக்குரிய தலைவருக்கு. இந்தக் கட்டடத்துக்காகத் தாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அது மிக நன்றாக இருக்கும். எங்கள் வீட்டின் சார்பில் கட்டிய முன்பணத்தில் என் பாதியைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏரியில் கரையோரம் பனிக்கட்டி கறுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் தண்ணீர் திறந்துவிடும். என் கணவரிடம் நேரில் சொல்லியிருக்கலாம். அவர் மனம் நோகும் என்று தோன்றியது. இப்படிக்கு, ஆர்டிஸ் ப்ரெக்கே.'

ஒரே கூரையின் கீழ் ஒரே கட்டிலில் படுக்கும் மனைவி, அரை டாலர் தபால்தலை ஒட்டி, தபால் நிலையம் வரை காரில் போய்ப் போட்ட கடிதம். முந்தின நாள் இரவு இருவரும் சேர்ந்து தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்த்திருந்தார்கள். பனி வருமா என்று அவர் கேட்டார். வரலாம் என்று ஆர்டிஸ் சொன்னார்.

ஜானெல் எழுந்து கதவைச் சாத்தினார்.

"டெல்மர், கெடு நாளை சாயங்காலம் முடியுது. தபாலை நான் தினமும் திறக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வெள்ளிக்கிழமை திறந்தா வெள்ளிக்கிழமை முத்திரை. யாருக்கும் தெரியப் போறதில்ல." தேதி முத்திரையையும் மைப்பெட்டியையும் அவர் பக்கம் தள்ளினார். "உங்க வீட்டு விஷயத்த நீங்க அப்புறமாப் பேசித் தீத்துக்கலாம்."

டெல்மர் முத்திரையைக் கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினால் தேதி மாறும். பதினாறுக்கு இரண்டே இரண்டு திருகல். ஒரு கோடியே நாற்பது லட்சம் அந்த இரண்டு திருகலில் இருந்தது.

"ஜானெல், நீ என்ன நினைக்கிறே? இந்தக் கட்டடம் நமக்கு வேணுமா?"

"நல்லாத்தான் இருக்கும்."

டெல்மர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் முத்திரையோடு ஜானெலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜானெல் கையுறைக் கட்டணச் சீட்டை மடித்தார், பிரித்தார்.

"மோசமில்ல," என்றார்.

டெல்மர் அப்போதும் எழுந்திருக்கவில்லை. வெளியே சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ காபிக் கோப்பைகளை அடுக்கும் சத்தம்.

"கிழக்குப் பக்கம் கூரை ஒழுகுது, டெல்மர்," என்றார் ஜானெல் கடைசியில். "மூணு வருஷமா. மழை வந்தா போர்கில்ட் அறையில வாளி வைக்கிறோம். புதுக் கட்டடத்துக்குப் படம் வரைஞ்சவனுக்குக் குடுத்த காசுல அதை ரெண்டு தடவை போட்டிருக்கலாம்."

"மூணு வருஷமா எல்லாக் கூட்டத்துலயும் பச்சைய ஆட்டினியே!"

"நீங்க ரொம்ப ஆசையா இருந்தீங்க."

டெல்மருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை வெளியே விடுவது என்று தெரியாமல் இருமினார். வான்கோழி ஆலையில் ஒருவர்கூட அவரிடம் இவ்வளவு அன்பாகப் பொய் சொன்னதில்லை.

அவர் சக்கரத்தைத் திருகவில்லை. முத்திரையை மையில் ஒற்றி, ஆர்டிஸின் கையெழுத்தின் மேல் விழாதபடி தாளின் ஓரமாக, நேராகப் பிடித்து அழுத்தினார். எடுத்து ஊதினார். ஐந்நூறு டாலருக்கான திருப்பிச் செலுத்தும் சீட்டில் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஜானெலிடம் நீட்டினார்.

"இத வங்கிக்கு அனுப்பிடு. கூரைக்காரன் நம்பர் இருந்தா குடு."

கடிதம் கோப்பில் பதினான்காவதாகச் சேர்ந்தது. அதன் ஓரத்தில் இருக்கும் முத்திரைப்படி, வந்து சேர்ந்த நாள் 2018 மார்ச் 14, புதன்கிழமை.